மரியதாஸ் அன்றைக்கு பேட்ஜ் அணிந்திருந்தார்

மகன்,

இதை நீ தனியாக இருந்து வாசிக்கப்போவதில்லை. நீ கட்டிலை விட்டு எழும்ப முதலே வெள்ளவத்தையில் பாதிப்பேர் வாசித்திருப்பார்கள். கீழ்மாடி ரியூஷன் மாஸ்டர் உன்னைப் படியில் கண்டதும் பத்திரிகையை மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிக் கதைப்பார். கடைக்காரர் பாணைச் சுற்றித் தந்துவிட்டு உன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார். அப்படி நடக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பக்கத்து அறையில் படுத்திருக்கிற பிள்ளைக்குப் பத்திரிகையில் ஏன் கடிதம் என்று கேட்பாய். கையில் தந்தால் நீ அதை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, "அம்மா, பென்ஷன் எடுத்தாப்பிறகு உங்களுக்கு யோசினை கூடிப்போச்சு" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தருவாய். லாச்சிக்குள் வைக்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. அதனால் உன்னை நான் நம்பவில்லை. என் பெயரையும் போடச்சொல்லித்தான் பத்திரிகைக் கந்தோரில் கேட்டேன். காலம் சரியில்லை, வேண்டாம் என்றார்கள். ஒருதரம் கேட்டேன், இரண்டாந்தரம் கேட்கவில்லை. அதையும் குறித்து வைத்துக்கொள்.

இன்னும் மூன்று கிழமையில் நீ விமானம் ஏறுகிறாய். குளிர் நாடொன்றில், அணு உலைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று மேற்பார்வை செய்கிற அரசாங்கக் கந்தோரில் உனக்கு உத்தியோகம். தாயைப்போல மகனும் பரிசோதகர் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் பெருமை. உனக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நேர்முகத் தேர்வு ரெலிபோனில் நடந்தது. காலி வீதி பஸ் சத்தம் கேட்கக்கூடாது என்று யன்னல்களைச் சாத்தினாய். "அம்மா, தேங்காய் திருவாதேங்கோ" என்று குசினிக் கதவையும் இழுத்து மூடினாய். பாதி திருவின தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நான் உள்ளே நின்றேன். பாதுகாப்புப் பண்பாடு என்றால் என்ன, உங்கள் அனுபவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரு தொழிலாளி, கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜைக் கழற்றிக் கதிர்ச் சாமான் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அது கறுத்ததும் தன் உடம்பில் கதிர் பட்டதாகச் சொல்லி வந்தான், என் அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டு உண்மையை வெளியே எடுத்தார் என்று நல்ல இங்கிலீஷில் சொன்னாய். ஒரேயொரு கேள்வி என்பதை அழுத்திச் சொன்னாய். அந்தப் பக்கத்தில் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். இரண்டு நாளில் வேலை கிடைத்துவிட்டது.

அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். நான் வேலை செய்த இடத்தைச் சொந்தக்காரர் அணுகுண்டுக் கந்தோர் என்று பகிடி பண்ணுவார்கள். எங்களிடம் குண்டும் இல்லை, உலையும் இல்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைகள், புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சுகிற இயந்திரங்கள், தொழிற்சாலைகளில் கதிர்வீச்சை வைத்துச் செய்கிற வேலைகள், இவற்றுக்கு அனுமதி கொடுப்பதும் பிறகு போய்ப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அந்த வேலை செய்கிற ஒவ்வொருவரும் நெஞ்சில் தீப்பெட்டி அளவான பிளாஸ்டிக் பேட்ஜ் ஒன்று குத்தியிருக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு பிலிம். மாதம் முடிய அது எங்களிடம் வரும், நாங்கள் கழுவிப் பார்ப்போம். எவ்வளவுக்குக் கறுத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த மனிதனில் கதிர் பட்டிருக்கிறது. பேட்ஜ் ஒருவரையும் காப்பாற்றாது. பட்டதைச் சொல்லும், அவ்வளவுதான். சொல்வதைக் கேட்க ஆள் இருக்கவேண்டும், அந்த ஆட்கள் நாங்கள்.

கறுத்த பிலிம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆளை வேலையிலிருந்து எடு, இடத்துக்குப் போ, இயந்திரத்தைப் பார், இரத்தம் சோதி. முதல்முறை வந்தது ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கிலிருந்து. போனேன். அங்கே வேலை செய்த பெண் கோட்டைக் கழற்றி, பேட்ஜோடு எக்ஸ்ரே அறைக்குள்ளேயே கொழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டாவது இடத்திலும் அதே கதை. மூன்றாவது இடத்துக்கு நான் போகவில்லை. ரெலிபோன் எடுத்து, "பேட்ஜை அறைக்குள்ள விட்டிட்டுத்தானே போனனீங்கள்?" என்று கேட்டேன். அங்கிருந்தவர் கொஞ்சம் யோசித்து, "ஓம் மிஸ், அப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள். அவருக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் பயணம் இல்லை. பிறகு கந்தோர் முழுக்க அதுதான் வழக்கம். ஒவ்வொருமுறையும் பதிவேட்டில் கையால் எழுதிக் களைத்து, ஒரு ரப்பர் முத்திரை செய்விப்போம் என்று யோசனை சொன்னது நான்தான். 'அணியாதபோது பதிந்தது.' மூன்று மொழியிலும் செய்வித்தோம். எங்கள் கந்தோரில் மூன்று மொழிக்கும் சம இடம் கிடைத்தது அந்த முத்திரையில் மட்டும்தான்.

முதல் முத்திரை தேய்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உனக்கு அப்போது ஏழு வயது. சுவரிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் குத்தினாய். கணக்குக் கொப்பியில் பிழைத்த கணக்குகளுக்கு மேலேயும் குத்திவிட்டு, "அம்மா, இது நான் செய்யாதபோது பதிஞ்சது" என்றாய். நான் சிரித்துச் சிரித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்றைக்கு உனக்கு அடித்திருக்க வேண்டும்.

மரியதாஸ் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் குழாய் பொருத்துகிற ஒரு கம்பனியில் வேலை. குழாயை வெல்டிங் செய்த இடத்தில் உள்வெடிப்பு இருக்கிறதா என்று கதிரால் படம் எடுப்பது அவருடைய தொழில். கனமான இரும்புப் பெட்டிக்குள் பயறு அளவில் ஓர் உலோகத் துண்டு இருக்கும், அதிலிருந்து கதிர் ஓயாமல் வரும். அதைக் கம்பியால் தள்ளி ஒரு வளைகுழாய் வழியாக வெளியே விட்டுப் படம் எடுத்தபின் திரும்ப உள்ளே இழுக்கவேண்டும். உள்ளே வந்துவிட்டதா என்று கண்ணால் காண முடியாது, கையில் மீற்றர் இருக்கவேண்டும். கம்பனியின் பேட்ஜுகளை மாதாமாதம் எங்களிடம் கொண்டுவருவதும் அவர்தான். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர், ஒரு படிவத்திலும் பிழை விட்டதில்லை. எங்கள் கந்தோர் பட்டதாரிகளைப் பற்றி நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

ஒருநாள் துறைமுகத்துக்குப் பரிசோதனைக்குப் போனேன். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த அடுத்த கிழமை. பஸ்ஸுக்குள்ளேயே கை லேஞ்சியால் பொட்டைத் துடைத்துவிட்டு இறங்கினேன். சோதனைச் சாவடி வரிசையில் எனக்குப் பின்னால் மரியதாஸ் நின்றார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விட்டார்கள். தாண்டி வந்ததும் அவர் மெதுவாக, "மிஸ், பொட்டைக் காணோமே" என்றார். "கைப்பைக்குள்ள கிடக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு தன் சட்டையைக் காட்டினார். நெஞ்சில் பேட்ஜ் இல்லை. "நானும் அப்படித்தான் மிஸ். இதைப் பாத்தா ஆமிக்காரன் என்னமோ ஏதோன்னு நெனைக்கிறான். போன மாசம் ரெண்டு மணித்தியாலம் வெயில்ல ஒக்கார வச்சிட்டான். வரும்போது போகும்போது சாமான் பெட்டிக்குள்ள போட்டுருவேன். வேலைக்கு எறங்கினா குத்திக்குவேன்." பரிசோதகராக நான் அந்த இடத்திலேயே ஏதாவது செய்திருக்கவேண்டும். ஆமிக்காரனுக்குக் காட்ட, இது இன்ன பொருள் என்று சிங்களத்தில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்திருந்தாலே போதும். முத்திரை செய்விக்க யோசித்த தலைக்கு அது வரவில்லை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள். அவர் அதைக் கந்தோர் அதிகாரியிடம் சொல்லவில்லை. பொட்டைத் துடைத்துவிட்டு நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய பிலிம் முழுக்கக் கறுத்து வந்தது. நான் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன், பழக்கதோஷம். இருட்டறையில் பிலிம் கழுவுகிற சோமாவதி அதைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றார். அதிர்ந்து பேசாத சிங்களப் பெண். "மிஸ், ஆயெத் பலன்ன" என்றார், இன்னொருதரம் பாருங்கள் என்று. பேட்ஜுக்குள் பிலிமின் முன்னும் பின்னும் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் இருக்கும், அவற்றின் நிழல் பிலிமில் விழும். பேட்ஜ் ஓரிடத்தில் அசையாமல் கிடந்து கதிர் பட்டால் அந்த நிழலின் விளிம்பு கூராக இருக்கும். மனிதன் குத்திக்கொண்டு குனிந்து நிமிர்ந்து திரும்பினால் விளிம்பு கலங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு பக்கமும் கலங்கியிருந்தது. கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். மரியதாஸ் லீவு, சுடுதண்ணி ஊற்றிக் கை பொங்கிவிட்டது என்றார்கள். எனக்கு விளங்கிவிட்டது. பெட்டிக்குள் திரும்பி வராத துண்டு வளைகுழாய் முனையில் நின்றிருக்கிறது, அவர் அது தெரியாமல் அந்த முனையைக் கையால் பிடித்துக் கழற்றியிருக்கிறார். மீற்றர் இருந்திருந்தால் பிடித்திருக்கமாட்டார். மீற்றர் எங்கே போனது என்று நான் தேடத் தேவையிருக்கவில்லை. சரிபார்த்துத் தரும்படி கம்பனி அனுப்பிய மீற்றர், மூன்று மாதமாக எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் கம்பனியின் பெயர் எழுதிய காகிதம் கட்டியபடி கிடந்தது.

எங்கள் பணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இருக்கச்சொல்லித் தேத்தண்ணி எடுப்பித்தார். பிலிம் உண்மையென்றால் கம்பனியின் அனுமதியை நிறுத்தவேண்டும், துறைமுக வேலை நின்றால் மேலிடத்திலிருந்து கேட்பார்கள், யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்பார்கள், இந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பெயரை அங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை மிஸ் என்றார். உண்மையான கவலையோடுதான் சொன்னார். மீற்றரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஒருவரும் ஒருவரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. எங்கள் கந்தோரில் ஒருநாளும் ஒருவரும் பொய் சொல்லச் சொன்னதில்லை, அதற்குத் தேவையே வரவில்லை. உன் அப்பா அப்போது லண்டனில் அகதிக் கேஸ் முடியாமல் நின்றார், வீடு என் சம்பளத்தில் நடந்தது, ஆமிச் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்தால் கையெழுத்துப் போட்டு எடுக்க ஆளில்லை. இதெல்லாம் உண்மை. இதையெல்லாம் காரணமாகச் சொல்லி நான் பலநாள் நன்றாக நித்திரை கொண்டேன். ஆனால் கறுத்த பிலிமை மூடுகிற பழக்கம் எனக்கு அந்த அறையில் வந்ததல்ல. பயம் வருவதற்கு வெகுகாலம் முந்தியே சோம்பலில் பழகி வைத்திருந்தேன்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை நடந்தது. பணிப்பாளர், கம்பனியின் ஆள், நான். எதிரே மரியதாஸ், வலது கையை ஒரு துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. தனக்கு அந்த அறையில் ஓர் ஆள் இருக்கிறது என்று நினைத்தார். நான் அவரோடு சிங்களத்தில் கதைத்தேன். நீங்கள் பேட்ஜைக் கழற்றிப் பெட்டிக்குள் போடுகிற வழக்கம் உண்டா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். சோதனைச் சாவடி வரிசை அவருக்கு ஞாபகம் வந்தது எனக்குத் தெரிந்தது. "ஓவ் மிஸ்" என்றார், ஓம் என்று. கம்பனியின் ஆள் எழுதிக்கொண்டார். மரியதாஸ் உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்து இருந்தார், அடுத்த கேள்விக்காக. இந்த வேலை தெரிந்த யாராக இருந்தாலும் அடுத்தது என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அணிந்திருந்தீர்களா என்று கேட்பார்கள். நான் பைலை மூடினேன். பணிப்பாளர் அவருக்கு நன்றி சொன்னார். மரியதாஸ் கொஞ்சநேரம் எழும்பாமல் இருந்தார், பிறகு எழும்பிப் போனார். நீ ரெலிபோனில் பெருமையாகச் சொன்ன அந்த ஒரு கேள்வி அதுதான் மகன். அது ஒன்றோடு நின்றதுதான் அதன் கெட்டித்தனம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், மெதுவாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கதிர் படவில்லை என்று எங்கள் கந்தோர் கடிதம் கொடுத்தது. கையெழுத்து என்னுடையது. அந்தக் கடிதத்தை நம்பி ஆஸ்பத்திரியில் சுடுதண்ணிக் காயத்துக்கு மருந்து கட்டினார்கள். கதிர்க் காயம் என்று தெரிந்திருந்தால் சில விரல்களையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று பின்னாளில் ஒரு டாக்டர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது, இடது கையில் இரண்டு போயின, மற்றவை மடங்கவில்லை. பேட்ஜ் விதியை மீறியதாகக் கம்பனி அவரை நிறுத்தியது. சோமாவதி தன் வேலையில்லாத விடயத்தில் தலையிடுகிறார் என்று ஒரு வரி எழுதினேன், அவரைக் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் என்னை ஐரோப்பாவுக்கு ஆறு கிழமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் தலைப்பு என்ன தெரியுமா, மேற்பார்வைக் கந்தோர்களில் பாதுகாப்புப் பண்பாடு. கீழே இருப்பவர் கொண்டுவருகிற கெட்ட செய்தி மேலே போகாத இடத்தில்தான் விபத்து நடக்கிறது, முதலில் உங்களை நீங்களே பரிசோதியுங்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார். அழகான எழுத்தில் எழுதிக்கொண்டேன். திரும்பி வந்து சுவரொட்டிகள் அடிப்பித்தேன், 'சந்தேகம் வந்தால் சொல்லுங்கள்' என்று. ஒன்றைக் களஞ்சிய அறையிலும் ஒட்டுவித்தேன், சோமாவதியின் மேசைக்கு நேர் மேலே. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தடிமன் மருந்து குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

விரிவுரைகளில் மரியதாஸின் கதையைச் சொல்லத் தொடங்கினேன், விரல்களை விட்டுவிட்டு. நன்றாக எடுபட்டது. பிறகு வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கும் சொன்னேன். உனக்கு அது மனப்பாடம். "அம்மா, பெட்டிக்குள்ள பேட்ஜ் போட்ட மாமாவின்ர கதையைச் சொல்லுங்கோ" என்று மாமி ஆட்கள் வந்தால் நீதான் கேட்பாய், நான் "ஓவ் மிஸ்" என்று அவருடைய குரலில் நடித்துக் காட்டுவேன், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உனக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கலாம். கொட்டாஞ்சேனையில் தேவாலயத் திருவிழா பார்க்கக் கூட்டிப்போனேன். ஒருவர் மெழுகுதிரியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன் அந்த மாமா அப்பிடிப் பிடிக்கிறார்?" என்று சத்தமாகக் கேட்டாய். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு ஒழுங்கையால் வந்துவிட்டேன், உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டாலும் ஐஸ்கிறீம் வரும் என்று நீ அன்றைக்குப் படித்திருப்பாய். உன்னை நான் குறையில்லாமல் வளர்த்ததாகச் சொந்தக்காரர் சொல்கிறார்கள். நான் செய்த குற்றத்தைப் பகிடியாக்கி, அந்தப் பகிடியைச் சோறோடு குழைத்துத் தீத்தித்தான் உன்னை வளர்த்தேன்.

நீ போகிற கந்தோர் பெரியது. பூட்டும் சட்டமும் எல்லாம் திறமாக இருக்கும். உலைகளுக்குப் போய்க் கொட்டைப் பாக்கு அளவு பிழையையும் கண்டுபிடிப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நீ கெட்டிக்காரன். ஆனால் மற்றவனைப் பரிசோதிக்கிறவனுக்குத் தன்னைப் பார்க்க நேரம் கிடைக்காது. முதல் நாள் உலையைத் தேடாதே, உன் கந்தோருக்குள் அந்த ரப்பர் முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடு. அங்கே கணினிக்குள் இருக்கும், அல்லது எல்லோரும் சிரித்துக்கொண்டு சொல்கிற ஒரு கதைக்குள் இருக்கும். யாருடைய மேசை களஞ்சியத்துக்குப் போயிருக்கிறது, ஏன் போனது என்று கேள். ஒரு மாதம் போனால் நீயும் அந்தக் கதைக்குச் சிரிக்கத் தொடங்கிவிடுவாய், பிறகு உனக்குத் தெரியாது. இந்தப் புத்திமதியை உனக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்று உனக்குத் தோன்றினால், அது சரிதான், ஆனாலும் கேள்.

போன கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மரியதாஸின் மனைவி கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். மரியதாஸ் வந்து இருக்கச் சொன்னார். தலை நரைத்துவிட்டது. பிளேன்டீ வந்தது, எனக்குக் கோப்பையில், அவருக்கு ஒரு உயர்ந்த டம்ளரில். இரண்டு மணிக்கட்டாலும் டம்ளரை அணைத்துத் தூக்கிக் குடித்தார். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். "பாருங்க மிஸ், பரவாயில்ல, நீங்க பாத்ததே இல்லையே" என்றார். உன் வேலையைப் பற்றி, நீ ரெலிபோனில் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "மகனும் இன்ஸ்பெக்டரா? நல்லது. என் கதையால ஒருத்தருக்காவது வேலை கெடச்சிச்சே" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

பிறகு நான் கேட்டேன். தமிழில் கேட்டேன், இத்தனை வருடம் கழித்து. "மரியதாஸ், அண்டைக்கு நீங்கள் பேட்ஜ் போட்டிருந்தனீங்களா?" அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க கேப்பீங்கன்னுதான் அந்தக் கதிரைல இருந்தேன் மிஸ். எந்திரிச்சு வாசல் வரைக்கும் போறப்பகூட, கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு நெனச்சேன்." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். "அதை வச்சு நான் என்ன செய்ய? போட்டிருந்தேன்னு எழுதுங்க. ஒரு வரி போதும். எம் பேரைப் போட்டே எழுதுங்க, நான் ஒண்ணும் களவெடுக்கலையே. கீழ எங்கயாவது எழுதாதீங்க, மேல எழுதுங்க. கீழ இருக்கறத யாரும் வாசிக்க மாட்டாங்க." அதனால்தான் மேலே அந்த வரி இருக்கிறது. அது என் தலைப்பு இல்லை, அவருடைய வாக்குமூலம். விசாரணைப் பைலில் இருந்திருக்கவேண்டியது.

இனி உன் விடயம். உன்னை நேர்முகத் தேர்வு செய்தவர்களின் இலக்கம் ரெலிபோன் பக்கத்துக் கொப்பியில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. நீ அவர்களுக்கு ரெலிபோன் எடுத்து, நான் உதாரணம் என்று சொன்னது குற்றம், அந்த மனிதர் பேட்ஜ் அணிந்திருந்தார், பிழை என் தாயினுடையது, பரிசோதித்த கந்தோரினுடையது என்று சொல்லவேண்டும். வேலை போகலாம். போனால் போகட்டும், அந்த வேலை உனக்குக் கிடைத்தது ஒருவனுடைய விரல்களுக்கு மேல் நின்று சொன்ன பகிடியால். நீ சொல்லாமலும் போகலாம், நான் கதவைப் பூட்டமாட்டேன், பெட்டியும் கட்டித் தருவேன், உனக்குப் பிடித்த பருத்தித்துறை வடையும் சுட்டுத் தருவேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆமிக்காரன் உன் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது, சனத்துக்கு முன்னால், நான் உன்னிடம் அவர்களுக்குச் சொன்னாயா என்று கேட்பேன். நீ ஓம் என்பாய். உன்னை எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை, ஓம் என்றுதான் சொல்வாய்.

நான் அதோடு விடமாட்டேன். என்ன சொன்னாய் என்று கேட்பேன்.

அம்மா